பாகூரில் ஒரு கைநாட்டு

வில்லியனூரில் இறங்கியதும் எதிரே இருந்த இட்லிக் கடைக்குப் போய், "பசியாற என்னம்மா இருக்கு?" என்று கேட்டேன். மலேசியாவில் நாங்கள் காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்போம்; காலையில் எல்லாரும் எல்லாரிடமும் கேட்பதுதான். கடைக்காரப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பாவம், எத்தினி நாளா சாப்டலியோ" என்று பக்கத்தில் வடை சுட்டுக்கொண்டிருந்தவளிடம் சொல்லிவிட்டு, நான்கு இட்லி கேட்ட இடத்தில் ஆறு வைத்தாள். நான் விளக்கம் சொல்லவில்லை. ஆறையும் சாப்பிட்டேன்.

தேநீர்தான் போதவில்லை. பெரிய குவளையில் நுரை பொங்கக் குடித்துப் பழகிய எனக்கு, அவள் நீட்டிய கண்ணாடிக் குவளை மருந்து அளக்கும் குப்பி மாதிரி இருந்தது. மருந்து அளப்பதுதான் என் தொழில் என்பதால் உடனே அந்த நினைப்பு வந்தது. பேராக் மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, அதே மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் மருந்தாளராக இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் இடைநிலைப்பள்ளியைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள நான் ஒருபோதும் கூச்சப்பட்டதில்லை.

என் பையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு இருந்தது. அதற்குள் இருந்ததெல்லாம் என் அக்கா தவமணியின் காகிதங்கள்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒன்பது வருடம் குழந்தையில்லை. அப்பாவின் தாத்தா கப்பலேறிய ஊர் பாகூருக்குப் பக்கத்தில் இருக்கும் குருவிநத்தம். அங்கே கோயிலுக்கு வேண்டிக்கொள்ளப் போனவர்கள், தூரத்து உறவில் மூன்று வயதுப் பெண்ணொன்றைத் தத்தெடுத்துக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த வருடமே நான் பிறந்தேன். அக்கா வந்த ராசி என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் முறையாகத்தான் செய்தார்கள். முத்திரைத்தாளில் தத்துப் பத்திரம் எழுதி, குழந்தைக்கு இந்தியக் கடப்பிதழ் எடுத்து, விசா வாங்கி, மலேசியாவுக்கு வந்தபின் தத்துப் பதிவும் செய்தார்கள். அதோடு குழந்தை நாட்டுக்கும் பிள்ளையாகிவிட்டது என்று நம்பினார்கள். தத்து வேறு, குடியுரிமை வேறு என்று யாராவது சொல்லியிருந்தால் மலாயில் சொல்லியிருப்பார்கள், அல்லது தாளில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். இரண்டும் அப்பாவுக்கு ஒன்றுதான். கடப்பிதழ் காலாவதியாகி, சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது.

அக்காவுக்குப் பன்னிரண்டு வயதானபோதுதான் விஷயம் தெரிந்தது. எங்கள் நாட்டில் அந்த வயதில் அடையாள அட்டை எடுக்க வேண்டும். வகுப்பே சேர்ந்து போனது. எல்லாரும் கைரேகை வைத்துவிட்டு வந்தார்கள். அக்காவின் தத்துச் சான்றிதழை வாங்கிப் பார்த்த அதிகாரி, குடிமகள் அல்ல என்று அச்சடித்திருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். மறு வருடம் இடைநிலைப்பள்ளி அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆறாம் ஆண்டோடு முடிந்தது. வீட்டுச் சுவரில் கரியால் அ, ஆ எழுதி எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள். எனக்குப் பன்னிரண்டு ஆனபோது அட்டை எடுக்கக் கூட்டிப் போனதும் அவள்தான். வாசலில் போலீஸ் நின்றதால் எங்கள் பேச்சில் சடக்கு என்கிற சாலையைத் தாண்டி ஒரு மரத்தடியில் நின்றுகொண்டு, நீ போய் வா என்று கையைக் காட்டினாள்.

இப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. ஏழு மாதம் கர்ப்பம். லாரி ஓட்டும் முருகன் அத்தான் கோயிலில் தாலி கட்டிவிட்டார். ஆனால் செல்லுபடியாகும் கடப்பிதழ் இல்லாதவளுக்குப் பதிவுத் திருமணம் கிடையாது. பதியாத திருமணத்தில் பிறக்கும் குழந்தைக்குத் தாயின் குடியுரிமைதான் வரும். தாய்க்குக் காட்ட ஒரு நாடும் இல்லை. இன்னும் இரண்டு மாதத்தில் அந்தக் குழந்தையும் அக்கா நின்ற மரத்தடிக்கு வந்துவிடும்.

கடப்பிதழைப் புதுப்பிக்க இந்தியத் தூதரகத்தில் விண்ணப்பித்தோம். பதில் கடிதம் வந்தது. பிறப்புப் பதிவேட்டில் தாயின் பெயர் பச்சையம்மா. தத்துப் பத்திரத்திலும் பழைய கடப்பிதழிலும் மேரி. இரண்டும் ஒரே குழந்தையைப் பற்றியவைதான் என்று நிரூபிக்கவும். அம்மாவைக் கேட்டேன். பச்சையம்மா என்ற பெயரை வாயில் எடுக்காமல், குழந்தையைத் தூக்கிக் கையில் கொடுத்தவளும் பத்திரத்தில் கைநாட்டு வைத்தவளும் மேரிதான் என்றாள். அப்படியானால் பச்சையம்மா என்பது பதிவேடு எழுதியவரின் பிழை என்று நானே முடிவு செய்தேன். மேரியிடம் ஒரு வாக்குமூலம் வாங்கிவிட்டால் தீர்ந்தது. நான்கு நாள் விடுப்பு போதும் என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

மேரியம்மா வில்லியனூரில் மகன் வீட்டில் இருந்தார். அறுபது வயதிருக்கும். முன்பு குருவிநத்தத்தில் இருந்தபோது அரிசி மில்லில் வேலை பார்த்தவராம். நான் யார் என்று சொன்னதும் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பேசவே விடவில்லை. முதலில் சோறு போட்டார். ஏரியில் பிடித்த ஜிலேபி மீன் குழம்பு. வாயில் வைத்ததும் தெரிந்தது, நாங்கள் தலாப்பியா என்று சொல்கிற அதே மீன். கடலைத் தாண்டி வந்து இதையே சாப்பிடுகிறேனே என்று சிரிப்பு வந்தது.

சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். பதிவேட்டில் தவறாகப் பச்சையம்மா என்று இருக்கிறது, நீங்கள்தான் தாய் என்று ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்றேன்.

"அதுல தப்பு ஒண்ணும் இல்லியே பாப்பா. பெத்தவ பச்சையம்மாதான்."

"அப்போ நீங்க?"

"நான் வாங்கனவ."

என் கை சோற்றிலேயே நின்றது. "என்ன கொடுத்து வாங்கினீங்க?"

"ஒரு மொறம் தவுடு" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா முழிக்கிற? போலீசுக்குப் போவப் போறியா? போ. தவுடு வந்து சாட்சி சொல்லும்" என்று இன்னொரு மீன் துண்டை வைத்தார்.

பிறகு நிதானமாகச் சொன்னார். பச்சையம்மாவுக்கு முதலில் மூன்று குழந்தைகள் பிறந்து மூன்றும் தங்கவில்லை. ஒன்று பத்தாம் நாள். ஒன்று தவழும்போது, வயிற்றுப்போக்கில். மூன்றாவது நடக்கத் தொடங்கி, காய்ச்சலில். நான்காவதாகத் தவமணி பிறந்ததும் ஊரில் செய்கிற வழக்கப்படி குழந்தையை வேறொருத்திக்கு விற்றுவிட்டார்கள். மில்லில் தவிடு அள்ளுகிற மேரிதான் வாங்கினார். ஒரு முறம் தவிட்டைத் தாயின் மடியில் கொட்டி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இது இனிமேல் என்னுடையது என்று மூன்று தரம் சொன்னார். பின், என் பிள்ளைக்குப் பால் கொடு என்று பச்சையம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து பச்சையம்மா அவளை வளர்த்தாளே தவிர, மறந்தும் என் மகள் என்று சொன்னதில்லை. சொன்னால், மூன்றையும் எடுத்துப் போனது எதுவோ, அது இதுவும் அவளுடையதுதான் என்று தெரிந்துகொண்டு மறுபடி வரும்.

தத்துப் பத்திரம் எழுத உட்கார்ந்த அன்று, குழந்தைக்கு அம்மா யார் என்று எழுத்தர் கேட்டார். பச்சையம்மா சுவர் ஓரமாக நகர்ந்து நின்றுகொண்டாள். "நாந்தான்" என்று மேரி முன்னால் போய்க் கைநாட்டு வைத்தார். வழக்கம் தெரிந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அதில் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. எழுத்தருக்கும் தெரியவில்லை. இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு கணினிக்குத்தான் தெரிந்தது.

மூன்று குழந்தைகளும் எதனால் போயிருக்கும் என்று எனக்குத் தோராயமாகத் தெரியும். இரண்டாவதை உப்புக்கரைசல் பொட்டலம் காப்பாற்றியிருக்கும். எங்கள் மருந்தகத்தில் அதை அடுக்கி வைக்க இடம் போதாமல் தரையில் பெட்டி பெட்டியாகக் கிடக்கும்.

மறுநாள் காலையில் மேரியம்மாவும் நானும் குருவிநத்தம் புறப்பட்டோம். இந்தப் பக்கத்துச் சடக்குகள் விசித்திரமானவை. புதுச்சேரிக்குள் போய்க்கொண்டிருக்கும் பேருந்து திடீரென்று தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. கொஞ்ச தூரத்தில் மறுபடியும் புதுச்சேரி. பலகைகள் மட்டும் மாறி மாறி வரவேற்கின்றன. யாரும் எதையும் காட்டச் சொல்லவில்லை. முன் இருக்கையில் இரண்டு பேர். "எறங்குடா, பாண்டி வந்துடுச்சி" என்று ஒருவர் எழுந்தார். "உக்காரு. இது கடலூர் ஜில்லா. கடை அடுத்த ஸ்டாப்புலதான்" என்றார் மற்றவர். "அப்பாடா, அவசரப்பட்டு வேற நாட்டுல எறங்கி இருப்பேன்" என்றார் முதலாமவர். பேருந்தே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அக்காவை இந்தப் பேருந்தில் உட்கார வைத்து ஒரு நாள் முழுக்கப் போய் வரச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. பதினாறு வருடமாக அவள் பேராக்கைத் தாண்டியதில்லை. சடக்குச் சோதனை என்றால் மோட்டார் சைக்கிளைத் திருப்பச் சொல்லிவிடுவாள்.

பாகூர் ஏரிக்கரையைத் தாண்டியதும் பேருந்து புகைவிட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி முன்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பீடி பற்ற வைத்தார். அதுவே அறிவிப்பு. கரும்புக் கட்டு ஏற்றி வந்த சிறிய சரக்கு வண்டியை மேரியம்மா கைநீட்டி நிறுத்தினார். கரும்பின் மேல் ஏறி உட்கார்ந்தோம். பட்டமளிப்பு விழாவுக்கென்று வாங்கிய என் நல்ல காற்சட்டையைக் கரும்புத் தோகை கிழித்தது. மேரியம்மா ஒரு கழியை முறித்துக் கடித்துக்கொண்டே வந்தார்.

பச்சையம்மா வயலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். அப்பாவுக்குத் தங்கை முறை என்பதால் எனக்கு அத்தை. நான் எதிர்பார்த்த கிழவி அல்ல. ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்காது. ஒல்லி, நிமிர்ந்த முதுகு. அக்கா காதோரத்து முடியைப் புறங்கையால் ஒதுக்குவாள், விரலால் ஒதுக்க மாட்டாள். இவளும் அப்படியே ஒதுக்கினாள்.

கணவன் இறந்து பல வருடம் ஆகிறது. தவமணிக்குப் பிறகு குழந்தையில்லை. அரசு கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கிறாள். சிமெண்டுத் தரையில் சாக்கு விரித்து எங்களை உட்கார வைத்துக் கூழும் பச்சை வெங்காயமும் கொடுத்தாள். நான் கூழைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு மேரியம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"உம் பொண்ணு நல்லா இருக்குதாமா?"

அறையில் என்னைத் தவிர யாருக்கும் அந்தக் கேள்வி விசித்திரமாக இல்லை. நான் கைப்பேசியில் அக்காவின் படத்தை எடுத்துக் கொடுத்தேன். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, தூரமாக நீட்டிப் பிடித்துப் பார்த்தாள்.

"வயிறு எறங்கி இருக்குது. எத்தினி மாசம்?"

"ஏழு, அத்தை."

சூடு பட்ட மாதிரி கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு, "இன்னா படிச்சிருக்குது?" என்று கேட்டாள். ஆறாம் ஆண்டு என்றேன். "நீ?" என்றாள். நான் என் பட்டத்தைச் சொன்னேன். எத்தனையோ பேரிடம் நிமிர்ந்து சொன்னதை, அங்கே சாக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவள் என்னையும் அணைந்திருந்த கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கோப்பைத் திறந்து எல்லாவற்றையும் விளக்கினேன். அவளும் மேரியம்மாவும் ஒன்றாக வந்து, பெற்றவள் இவள், கைநாட்டு வைத்தவள் அவள், குழந்தை ஒன்றுதான் என்று சத்தியம் செய்து தர வேண்டும். இல்லாவிட்டால் பிறக்கப்போகும் குழந்தைக்கும் அக்காவின் கதிதான். கடைசிவரை கேட்டாள். பிறகு முடியாது என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. குழந்தையைக் கடல் தாண்டிக் கொடுத்ததே, மற்ற மூன்றையும் எடுத்துப் போனது தண்ணீரைத் தாண்டி வராது என்றுதானாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான்கு வருடம் அறிவியல் படித்த கோபம். இதெல்லாம் மூடநம்பிக்கை, உங்கள் குழந்தைகள் கிருமியால் செத்தன, அப்போது ஒரு பொட்டலம் உப்பும் சர்க்கரையும் இருந்திருந்தால் போதும், நீங்கள் அன்று சுவரோரம் ஒதுங்கியதால்தான் அக்கா இன்று ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறாள் என்றேன். சொல்லி முடித்ததும் மேரியம்மா என் தொடையில் கிள்ளினார்.

அத்தை கோபப்படவில்லை. "நாடு இல்லாட்டி போவுது" என்றாள். "உசுரோட இருக்குதா இல்லியா?"

நான் காகிதங்களை ஒவ்வொன்றாகக் கோப்புக்குள் திருப்பி அடுக்கினேன்.

மூன்றாம் நாள் நான் தனியாகப் பாகூர் போனேன். நோட்டரி வக்கீல் ஒருவரின் அறை, சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேல் இருந்தது. பெற்றவள் வராமல் வேறு வழி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். "நேர்ல நிக்கணும்மா. நான் படிச்சிக் கேப்பேன். அவங்க வாயால சொல்லணும். அப்பதான் சீல்." எழுதி வேண்டுமானால் தயாராக வைக்கிறேன் என்றார். எழுதச் சொல்லிவிட்டு ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் நிறைய இருந்தது. எங்கள் ஊரில் மழை வருடம் முழுக்கப் பெய்வதால் யாரும் தண்ணீரை நின்று பார்ப்பதில்லை. இங்கே மூன்று பேர் வண்டியை நிறுத்திவிட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா அழைத்தாள். காகிதம் கிடைத்ததா என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

"நேத்து கேட்க மறந்துட்டேன். அவங்க என்னை மாதிரியா இருக்காங்க?"

"முடியை நீ ஒதுக்குற மாதிரியே ஒதுக்குறாங்க."

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் கேட்டது. அவள் ஒரு சாப்பாட்டுக் கடையில், பின்கட்டில் சமைக்கிறாள். முன்னால் வந்தால் யாராவது அட்டை கேட்கக்கூடும் என்று பின்கட்டு. அந்தக் கடைச் சம்பளத்தில்தான் என்னைப் படிக்க வைத்தாள். "கட்டாயப்படுத்தாதே லா. மூணு பிள்ளை போனவங்க" என்றாள். நான் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தேன், நான் கத்தியதைத் தவிர.

அன்று மேரியம்மா மட்டும் குருவிநத்தம் போய்வந்தார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை. "நாளைக்கிப் பத்தரைக்கு வக்கீல் கிட்ட இரு. வந்தா வருவா" என்றார். அத்தை களை எடுத்துக்கொண்டேதான் அவர் சொன்னதைக் கேட்டாளாம்.

நான்காம் நாள் நாங்கள் மாடிப்படி ஏறும்போதே அத்தை மேலே நின்றுகொண்டிருந்தாள். துவைத்த சேலை. இடுப்பில் ஒரு முறம், மேலே துணி மூடியிருந்தது. நான் படியிலேயே நின்றுவிட்டேன். மேரியம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனார்.

வக்கீல் அறைக்குள் போனதும் அத்தை துணியை எடுத்தாள். முறம் நிறையத் தவிடு. புதிது, மில் வாசனை அடித்தது. வக்கீல் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இன்னாம்மா இது, மாட்டாஸ்பத்திரி பக்கத்துத் தெருவுல இருக்குது" என்றார். யாரும் சிரிக்காததால் பேனாவைக் கீழே வைத்தார்.

"உந் தவுட்ட நீ எடுத்துக்க மேரி" என்றாள் அத்தை. "எம் பொண்ண குடு."

மேரியம்மா முறத்தை வாங்கி மேசையின் ஓரத்தில் வைத்தார். குழந்தை அங்கே இல்லை. இருந்தாலும் இரண்டு கையையும் ஏந்தி, கனமான எதையோ தருவதுபோல நீட்டினார். அத்தை வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரம் பத்து ஐம்பது காட்டியது. ஏன் பார்த்தேன் என்று தெரியாது. அவளும் அதைத்தான் பார்த்தாள்.

வக்கீல் எழுதியதைப் படித்தார். பச்சையம்மாவாகிய நான், என்று தொடங்கியது. தவமணி என்பவர் உங்கள் வயிற்றில் பிறந்த மகள்தானா என்று கேட்டார்.

"ஆமா. எம் பொண்ணு."

அது போதும் என்று அவர் மை அட்டையைத் திறந்தார். அத்தை நிறுத்தவில்லை. ஐப்பசி மழையில் ஆற்றில் வெள்ளம் போன அன்று பிறந்தாள் என்றாள். பிறக்கும்போதே தலை நிறைய முடி என்றாள். இடது பாதத்தில் மச்சம் என்றாள். மூன்று வயதில் என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள், அந்தச் சேலையைக் கிழித்துத்தான் மூட்டைக்குள் வைத்து அனுப்பினேன் என்றாள். அந்தத் துணியை எனக்குத் தெரியும். நாங்கள் அதில்தான் சாமி விளக்கைத் துடைக்கிறோம். ஒவ்வொரு வரிக்கும் எம் பொண்ணு, எம் பொண்ணு என்று சேர்த்துக்கொண்டாள். வக்கீல் இடைமறிக்கவில்லை.

கட்டைவிரலை மையில் தோய்த்து ஊன்றினாள். மேரியம்மா அடுத்ததாக. முத்திரை விழுந்தது.

அத்தை என் பக்கம் திரும்பினாள். "போன் போடு. இப்பவே பேசணும்."

அழைத்தேன். அங்கே ஒன்றரை மணி, மதியச் சாப்பாட்டு நேரம். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் அழைத்தேன். அத்தை என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள். மை விரல் படாமல் நான்கு விரலால் பிடித்திருந்தாள். மணி அடிக்கும் சத்தம் எனக்கும் கேட்டது. வாயைத் திறந்து தயாராக வைத்திருந்தாள். நின்றது. மூன்றாவது முறை. கடைக்காரரின் எண்ணைத் தேடினேன், என்னிடம் இல்லை. முருகன் அத்தான் லாரியில் இருந்தார், தொடர்பு கிடைக்கவில்லை.

"அஞ்சு நிமிஷம் பாப்போம், அத்தை."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐந்து. "போதும்" என்றாள். "இவ்ளோ நேரம் வெச்சிருந்ததே அதிகம். வயித்துல வேற ஒண்ணு இருக்குது."

பிறகு முறத்தைக் காட்டி என்னிடம், "எடுத்து எம் மடில கொட்டு" என்றாள்.

மேரியம்மாதானே வாங்க வேண்டும் என்று கேட்டேன்.

"அவளுக்கு வயசாயிடுச்சி. நீ சின்னவ. ரொம்ப நாளு இருப்ப."

அவள் வக்கீல் அறையின் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மடியை விரித்தாள். நான் மண்டியிட்டேன். என் கல்வி, என் வேலை, அவளிடம் நான் கத்திய கிருமி, எல்லாம் எனக்கு நினைவிருந்தது. முறத்தைச் சாய்த்தேன். தவிடு சத்தமில்லாமல் இறங்கியது. இது இனிமேல் என்னுடையது என்று மூன்று தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். மூன்றாவது தரம் மேரியம்மாவும் என்னோடு சேர்ந்து சொன்னார்.

அத்தை மடியை முடிந்துகொண்டு எழுந்தாள். "உங்கக்கா நல்லா இருக்கட்டும்" என்றாள்.

படி இறங்கும்போது கைப்பேசி அடித்தது. அக்கா. மூன்று தவறிய அழைப்பைப் பார்த்துப் பயந்து போயிருந்தாள். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்றாள். நான் அத்தையைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்கிறாளா என்று தெரியாமல் நான் கைப்பேசியை நீட்டியபடியே நின்றேன். கடைசியில் அத்தை வாங்கிக் காதில் வைத்தாள்.

"யாரு... நானா? ஊர்க்காரிம்மா. மேரிக்குத் தெரிஞ்சவ." கொஞ்சம் கேட்டாள். "ஒண்ணும் இல்ல. நெறையத் தண்ணி குடி. படியில பாத்து எறங்கு." என்னிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பேருந்து நிற்கும் இடத்துக்கு நடந்தாள். மடியின் முடிச்சிலிருந்து தவிடு கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்திக்கொண்டே போனது.

"யாரு அது பேசினது?" என்று அக்கா கேட்டாள். "குரல் நல்லா இருக்கே."

"ஊர்க்காரங்க" என்றேன்.

திரும்பி வந்து காகிதங்களை அனுப்பிவிட்டோம். இதை எழுதும் இன்றுவரை பதில் இல்லை. அக்காவுக்கு நாள் நெருங்கிவிட்டது. வக்கீல் அறையில் நடந்ததை அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எழுதத்தான் வந்தது. அக்கா, உனக்குத் தமிழ் படிக்கத் தெரியும். பத்து ஐம்பதிலிருந்து பதினொன்று ஐந்துவரை நீ அவளுடைய பெண்ணாக இருந்தாய். அப்போது நீ யாருக்கோ சோறு போட்டுக்கொண்டிருந்தாய்.